கேளாதவர் நடத்திய வகுப்புகள்

(மணலி புதுநகரில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 3, மாற்றுத் திறனாளிகள் நாள் வருகிறது. அதையொட்டி ஏதாவது பேசுங்கள் என்று கேட்டார்கள். வழக்கமாக அன்று உறுதிமொழி எடுப்போம், விளையாட்டுப் போட்டி வைப்போம், படம் எடுத்துக் குழுவில் போடுவோம். அதெல்லாம் நடக்கட்டும். நான் சிறப்பாசிரியர் இல்லை, சமூக அறிவியல் நடத்துகிறவள். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில், வரலாற்றிலிருந்து சில மனிதர்களை உங்கள் முன் கூட்டி வந்திருக்கிறேன். மூவரும் காது கேளாதவர்கள். மூவரும் ஆசிரியர்கள். மூவரும் கடல் கடந்து போனவர்கள்.

ஏன் இவர்கள் என்றால், ஒரு கேள்விக்கு நான் பதில் தேட வேண்டியிருந்தது. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, பிறகு காது கேளாதோருக்கான விடுதிப் பள்ளியில் சேர்ந்து மேல்நிலைக் கல்வி முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். இப்போது மாதவரம் பக்கம் ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஆசிரியர் ஆக வேண்டும். டில்லிக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்கிறாள். அவள் அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மகள் மீது உயிரையே வைத்திருப்பவர். அவர் என்னிடம் வந்து, "வாய் பேசாத புள்ள எப்படி டீச்சர் பாடம் நடத்தும்? அதுவும் டில்லிக்குத் தனியா அனுப்பச் சொல்றீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம்மில் பலர் மனதிலும் இருக்கும் கேள்விதான், அவர் வாய்விட்டுக் கேட்டார், அவ்வளவே.

முதல் ஆள் லோரான் கிளெர்க். பிரான்ஸ் நாட்டுக்காரர், 1785இல் பிறந்தவர். ஒரு வயதில் நெருப்பில் விழுந்தார். கன்னத்தில் வடு தங்கிவிட்டது. அவரது செவித்திறனும் மோப்பத்திறனும் அந்த விபத்தில்தான் போயின என்று குடும்பத்தார் நம்பினார்கள். பன்னிரண்டு வயதில் பாரிஸ் நகரத்துக் காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ழான் மசியு. மசியுவும் காது கேளாதவர். இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். கேளாத ஒரு சிறுவன், தன்னைப் போலவே கேளாத ஒருவர் வகுப்பின் முன்னால் நின்று பாடம் நடத்துவதைப் பார்த்து வளர்ந்தான். 'நான் பெரியவனானால் என்ன ஆவேன்' என்ற கேள்விக்கு அவன் கண் முன்னே ஒரு விடை நடமாடிக்கொண்டிருந்தது. கிளெர்க்கும் அந்தப் பள்ளியிலேயே ஆசிரியர் ஆனார்.

இதே காலத்தில் அமெரிக்காவில், ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில், ஆலிஸ் காக்ஸ்வெல் என்ற கேளாத சிறுமி இருந்தாள். அப்போது அமெரிக்காவில் கேளாத குழந்தைகளுக்கென நிலையான பள்ளி ஒன்றுகூட இல்லை. அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தாமஸ் கேலடெட். குழந்தையின் தந்தையும் ஊர்ப் பெரியவர்களும் பணம் திரட்டி, கற்பிக்கும் முறையைத் தெரிந்துகொண்டு வரும்படி கேலடெட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். முறையைத் தெரிந்துகொள்ளப் போனவர், ஆளையே அழைத்துக்கொண்டு திரும்பினார். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கிளெர்க் அமெரிக்கா வரச் சம்மதித்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. தாய் அரை மனதோடுதான் விடை கொடுத்தார்.

1816இல் கப்பல் பயணம் ஐம்பத்திரண்டு நாள் நீண்டது. அந்த நாட்களை இருவரும் வீணாக்கவில்லை. கேலடெட் கிளெர்க்குக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். கிளெர்க் கேலடெட்டுக்குச் சைகை சொல்லிக்கொடுத்தார். ஆசிரியர் பயிற்சி என்றால் எனக்கு இந்தக் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது. பயிற்சி கொடுப்பவரும் பெறுபவரும் அங்கே ஒரே ஆள்தான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குகிறவர்களும் இல்லை!

1817 ஏப்ரல் 15 அன்று ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தது. ஆலிஸ் முதல் மாணவர்களில் ஒருத்தி. மூன்று ஆண்டுக்கு வந்த கிளெர்க் நாற்பது ஆண்டுக்கு மேல் அங்கே பணியாற்றினார். அந்த மண்ணிலேயே 1869இல் இறந்தார். அவரிடம் படித்தவர்கள் வேறு மாநிலங்களுக்குப் போய்ப் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஆனார்கள். 1870 வாக்கில் அமெரிக்கக் காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் தாமே காது கேளாதவர்கள். பத்துப் பேரில் நான்கு பேர்! ஒரே ஒரு ஆளின் கடல் பயணத்திலிருந்து தொடங்கிய கணக்கு இது.

பிறகு அந்த எண்ணிக்கை சரிந்தது. 1917 வாக்கில் சுமார் 15 சதவீதமாகிவிட்டது. இடையில் என்ன நடந்தது? 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் ஒரு மாநாடு கூடியது. காது கேளாதோர் கல்வி பற்றிய மாநாடு. வந்திருந்தவர்கள் 164 பேர்; அவர்களில் காது கேளாதவர்கள் ஓரிருவர்தான். சைகையை விட வாய்ப்பேச்சே உயர்ந்தது, பள்ளிகளில் பேச்சு வழியில்தான் கற்பிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பேச்சுதான் வழி என்று ஆனபின், பேச்சு கேளாத ஆசிரியருக்கு வகுப்பில் என்ன வேலை? பல நாடுகளில் கேளாத ஆசிரியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிள்ளைகள் கையை அசைத்தால் தண்டனை. ஆசிரியர்கள் கூடும் மாநாடுகளில் நாம் தீர்மானங்களுக்குக் கை தூக்குகிறோமே, அதில் சில தீர்மானங்கள் நூறு ஆண்டு உழைக்கும் என்பதற்கு மிலான் ஒரு சாட்சி. 2010இல் கனடாவின் வான்கூவரில் இதே வரிசையில் கூடிய மாநாடு, மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டு கழித்து!

நம் ஊருக்கும் அந்தக் காற்று வந்தது. இந்தியாவில் மும்பையில் 1885இலும் கொல்கத்தாவில் 1893இலும் காது கேளாதோர் பள்ளிகள் தொடங்கின. தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரில் மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. இந்தியப் பள்ளிகள் பலவற்றில் வகுப்பறையில் பேச்சுப் பயிற்சி. மணி அடித்ததும் விடுதியிலும் மைதானத்திலும் சைகை. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மொழியைக் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் விளையாட்டு நேரத்தில்தான்.

இங்கே ஒரு சின்னப் பயிற்சி. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் குரல் எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்து ஒரு சொல் சொல்லுங்கள். 'படம்' என்று சொல்லுங்கள். அடுத்து 'மடம்'. அடுத்து 'பணம்'. அடுத்து 'மணம்'. பார்த்தவர் எத்தனை சொல் கண்டுபிடித்தார்? நான்கும் ஒன்றாகத்தான் தெரியும். பகரமும் மகரமும் உதட்டில் ஒன்று. டகரமும் ணகரமும் வாய்க்குள் நடப்பவை, வெளியே தெரியாது. ககரம் தொண்டைக்கு அருகில். ல, ள, ழ மூன்றையும் காதால் பிரித்தறிய முடிகிற பிள்ளைகளே நம்மைப் படாத பாடு படுத்துகிறார்கள். கண்ணால் பிரிக்கச் சொன்னால் எப்படி? இதோடு நம் வேற்றுமை உருபுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐ, கு, இல், ஆல் எல்லாம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். அதனால்தான் கேளாத பிள்ளை தானாக எழுதும்போது 'அம்மா கடை மீன் வாங்கு' என்று எழுதுகிறது. அதை மந்தபுத்தி என்று எண்ணிவிடாதீர்கள். உருபுகள் அந்தப் பிள்ளையிடம் வந்து சேரவே இல்லை.

பேச்சுப் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. காதொலிக் கருவி நன்றாகப் பயன்படும் பிள்ளைகள் உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். அதன்பின் பேச்சுப் பயிற்சியை விடாமல் தொடர்ந்த குழந்தைகள் நம்மோடு பேசவும் செய்கிறார்கள். அந்த வாய்ப்பு உள்ள குழந்தையைக் காலத்தில் அனுப்புவது நம் வேலை. ஆனால் அந்த வயதைத் தாண்டி, எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காமல் ஆறாம் வகுப்புக்கு வந்து நிற்கும் பிள்ளைக்கு என்ன செய்வது? எனக்குக் கவலை அந்தப் பிள்ளையைப் பற்றித்தான்.

இரண்டாவது ஆள் ஆண்ட்ரூ ஃபாஸ்டர். அமெரிக்கக் கறுப்பினத்தவர்; அலபாமா மாநிலத்தில் 1925இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். பதினொரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து அவரும் அவர் தம்பியும் செவித்திறனை இழந்தார்கள். கறுப்பினக் கேளாத பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததெல்லாம் அங்கே கிடைக்காது. காது கேளாதோருக்கான கேலடெட் கல்லூரி அவருக்கு நிறத்தின் காரணமாகப் பலமுறை இடம் மறுத்தது. விடாமல் விண்ணப்பித்து, 1951இல் சேர்ந்து, 1954இல் பட்டம் வாங்கினார். அந்தக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அதே கல்லூரி பின்னர் 1970இல் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது.

முதுகலையும் முடித்தபின் நல்ல வேலை ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆப்பிரிக்காவில் கேளாத குழந்தைகளுக்குப் பள்ளிகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டார். சமயத் தொண்டராக நிதி திரட்டிக்கொண்டு 1957இல் கானா நாட்டின் அக்ரா நகரில் இறங்கினார். அந்த ஆண்டுதான் கானா விடுதலை பெற்றது. வயது முப்பத்திரண்டு. அங்கே பல வீடுகளில் கேளாத குழந்தைகளை வெளியில் காட்டாமல் மறைத்து வைத்திருந்தார்கள். கட்டடம் கிடையாது. ஏற்கெனவே இயங்கிய ஒரு பள்ளியின் வகுப்பறையைப் பள்ளி நேரம் முடிந்தபின் இரவல் வாங்கிப் பாடம் தொடங்கினார். நம் இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அப்படி.

அந்தப் பெற்றோர்கள் எதைக் கண்டு மனம் மாறினார்கள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். கேளாத பிள்ளையும் படிக்கும் என்று எத்தனை அதிகாரி வந்து சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். வாசலில் நிற்பவரே கேளாதவர். கோட்டு போட்டிருக்கிறார், பட்டம் வாங்கியிருக்கிறார், கடல் கடந்து தனியாக வந்திருக்கிறார். அதற்கு மேல் வாதம் எதற்கு? கேட்கும் திறனுள்ள நம்மால் எவ்வளவு பயிற்சி பெற்றாலும் இந்த ஒன்றைச் செய்ய முடியாது.

கானாவில் தொடங்கி, 1960இல் நைஜீரியாவின் இபாதான், பின்னர் மேற்கு ஆப்பிரிக்கா, நடு ஆப்பிரிக்கா என்று 13 நாடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் அமைய அவர் காரணமானார். ஜெர்மனியைச் சேர்ந்த கேளாத பெண் ஒருவரை மணந்துகொண்டார். இருவருமாக இந்த வேலையைப் பார்த்தார்கள். உள்ளூர்க் கேளாத இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து ஆசிரியர் பயிற்சி கொடுத்து அவரவர் நாட்டுக்கு அனுப்பினார். 1987இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறந்தார். இறந்த தேதி டிசம்பர் 3. ஐக்கிய நாடுகள் சபை 1992இல் மாற்றுத் திறனாளிகள் நாளாக அறிவித்த அதே தேதி. தற்செயல்தான், ஆனாலும் வகுப்பில் சொல்வதற்கு நல்ல செய்தி.

ஃபாஸ்டரைப் பற்றி ஒரு குறையும் சொல்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கொண்டு போனது அமெரிக்கச் சைகை மொழி. கானாவிலேயே அடமரோபே என்றொரு கிராமம் உண்டு. அங்கே பல தலைமுறையாகக் கேளாதவர்கள் அதிகம். ஊருக்கே சொந்தமாக ஒரு சைகை மொழி இருக்கிறது, கேட்பவர்களுக்கும் அது தெரியும். வெளியிலிருந்து வந்த சைகை மொழி பள்ளி வழியாகப் பரவியபோது இப்படிப்பட்ட உள்ளூர் மொழிகள் ஒடுங்கின. நல்லது செய்யப் போகிறவரும் தன் பெட்டியில் தன் மொழியைத்தான் எடுத்துப் போகிறார். பீஸ் கார்ப்ஸ் என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு பிற்காலத்தில் கேளாத இளைஞர்களையும் வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாக அனுப்பியது. அப்படி ஒருவர் நாளை நம் பள்ளிக்கு வந்தால் மகிழ்ச்சியோடு வரவேற்போம். ஆனால் அவர் முதலில் நம் பிள்ளைகளின் கைகளைப் பார்த்து, இந்தியச் சைகை மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்கச் சைகையில் எழுத்துக்களை ஒரு கையால் காட்டுவார்கள். நம்முடையதில் ஆங்கில எழுத்துக்கு இரண்டு கையும் வேண்டும். ஐந்து உயிரெழுத்துக்கும் ஐந்து விரல் நுனிகள். ஒரு கைக்காரர் வந்து இரு கைக்காரரைக் குழப்பிவிடக் கூடாது.

மூன்றாமவர் நம் நாட்டுக்காரர், மதன் வசிஷ்டா. இமாசலப் பிரதேசத்துக் கிராமத்தில் பிறந்தவர். பதினொரு வயதில் காய்ச்சல் வந்து செவித்திறன் போனது. பள்ளி நின்றது. வயல் வேலை, மாடு மேய்த்தல் என்று பல ஆண்டுகள் ஓடின. இருபது வயதில் டில்லிக்குப் புகைப்படக் கலை படிக்கப் போனார். அங்கேதான் முதன்முறையாகக் கேளாதவர்கள் கூட்டத்தையும் சைகை மொழியையும் கண்டார். 1967இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், ஆசிரியராகி, பள்ளி நிர்வாகியாகி, முனைவர் பட்டமும் பெற்றார். தன் இளமைக் காலத்தை நூலாகவும் எழுதியிருக்கிறார். அவர் நமக்குச் செய்த பெரிய வேலை வேறு. 1970களின் இறுதியில் அமெரிக்க மொழியியலாளர்களோடு திரும்பி வந்து, டில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு நகரங்களில் கேளாதவர்களின் சைகைகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்தார். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சைகைகள் உறவுள்ளவை, இலக்கணமும் ஒன்றே என்று தெரிந்தது. பேச்சு மொழியில் ஒருவருக்கொருவர் புரியாத நான்கு நகரங்கள்! அங்கங்கே பிள்ளைகள் தன்போக்கில் காட்டும் சாடை என்று எல்லோரும் ஒதுக்கியது, நாடு முழுவதற்குமான ஒரு மொழி என்று அப்போதுதான் கல்வியுலகம் கவனித்தது. அந்த மொழியில் வினைச்சொல் தமிழைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வரும். கேள்விச் சொல்லும் இறுதியில்தான். 'நாளை பள்ளி விடுமுறை ஏன்' என்பது அந்த மொழியில் பிழையற்ற வாக்கியம்.

இதன் தொடர்ச்சியாகத்தான் இன்று சில வசதிகள் வந்திருக்கின்றன. 2015இல் டில்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. 2018இல் அது வெளியிட்ட அகராதியில் 3,000 சொற்கள். 2021இல் 10,000 ஆயின. எல்லாம் காணொளி, கைப்பேசியில் பார்க்கலாம். 2021இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி சைகை மொழியை ஒரு பாடமாகவே கொண்டுவந்தது. 2024 டிசம்பரில் பிஎம் இ-வித்யாவின் 31ஆம் அலைவரிசையைச் சைகை மொழிக்கென ஒதுக்கினார்கள். சைகை மொழியைக் கற்பிக்கும் ஆசிரியராவதற்கு ஒரு பட்டயப் படிப்பும் உண்டு. அந்தப் படிப்பில் சேர முதல் தகுதியே காது கேளாதவராக இருப்பதுதான். அந்த லாரி ஓட்டுநர் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "கேக்காதவங்களுக்கு மட்டுமா? நெசமாவா?" என்று இரண்டு முறை கேட்டார்.

சட்டமும் இதற்கு இடம் தந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சைகை மொழியும் பிரெயிலும் தெரிந்த ஆசிரியர்களை, மாற்றுத் திறனாளி ஆசிரியர்கள் உட்பட, பயிற்றுவித்துப் பணியில் அமர்த்த வேண்டும் என்கிறது. 34ஆம் பிரிவு அரசுப் பணியிடங்களில் 4 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு சதவீதத்தைச் செவித்திறன் குறைந்தோருக்குத் தருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செவித்திறன் குறைந்தோர் நாட்டில் சுமார் 50 லட்சம் பேர். இந்த 50 லட்சத்தில் ஆசிரியர் ஆனவர் யாரையாவது உங்களுக்கு நேரில் தெரியுமா? கை தூக்குங்கள் பார்க்கலாம். இந்த அரங்கில் அறுபது பேர் இருக்கிறோம்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. அவன் நோட்டை வாங்கிப் பார்த்தால் யாரும் பாராட்டுவார்கள். முத்து முத்தான எழுத்து, ஒரு பிழை இருக்காது. ஏனென்றால் கரும்பலகையில் இருப்பதை அப்படியே வரைகிறான். ஒரு நாள் பலகையில் முந்தைய நாள் தேதி அழிக்காமல் இருந்தது, மூலையில் 'பேசியவர்கள்' என்று தலைவன் எழுதிவைத்த மூன்று பெயர்களும் இருந்தன. எல்லாம் அவன் நோட்டில் இருந்தன. தேர்ச்சி பெற்று மேல் வகுப்புக்கு வருகிறான். நல்ல பையன், தொந்தரவு இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். தெருவில் அவனுக்கு வேறு பெயர். நான் அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை, எல்லாத் தெருவிலும் ஒரே பெயர்தான்.

சிறப்பாசிரியர் வாரத்தில் ஒரு நாள் வருகிறார். அவருக்கும் பல பள்ளிகள், பலவகைப் பிள்ளைகள். அவர் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைமையாசிரியரின் அனுமதியோடு, நான் முதலில் சொன்ன அந்தப் பெண்ணைச் சனிக்கிழமைகளில் வரச் சொன்னோம். சம்பளம் கிடையாது, பஸ் காசை நாங்கள் சில ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்கிறோம். முதல் இரண்டு வாரம் அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வாரம் பதில் சொல்லத் தொடங்கினான். நான்கைந்து மாதத்தில் அந்தக் கை நிற்கவில்லை.

ஒரு நாள் அவளிடம் அவன் ஒன்று கேட்டான். அவள் எனக்கு எழுதிக் காட்டினாள். 'ஆறு வீட்டுக்கு வந்தது ஏன்?'

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். பூண்டி ஏரி திறந்து, கொசஸ்தலை ஆறு பெருகி, மணலி புதுநகருக்குள் தண்ணீர் வந்தது. 2015இலும் 2021இலும் வந்ததுதான். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள், அக்கம்பக்கம் கத்திக் கூப்பிட்டார்கள். இந்தப் பையன் காலில் தண்ணீர் பட்டு விழித்திருக்கிறான். இருட்டு, வாயசைவுகூடத் தெரியாது. யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா அழுதாள். ஒரு மண்டபத்தில் பல நாள் தூங்கினார்கள். திரும்பி வந்தபோது புத்தகங்களும் டிவியும் இல்லை. ஏன் இதெல்லாம் நடந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல அந்த வீட்டில் மொழி இல்லை. தான் அன்று குழாயைச் சரியாக மூடாமல் விட்டதால் வந்த தண்ணீர் என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவள் அவனுக்குச் சொன்னாள். ஏரி, மழை, நிறைவது, மதகு, திறப்பது, ஆறு, கரை, ஊர். பத்து நிமிடம் ஆகியிருக்கும். வரைபடப் புத்தகத்தை நான் எடுத்துக் கொடுத்தேன். பூண்டியிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை அவள் விரலால் இழுத்துக் காட்டினாள். அவன் அதே கோட்டைத் தன் விரலால் மறுபடி இழுத்தான். குழாயைக் காட்டி 'இது இல்லையா' என்று கேட்டான். அவள் 'இல்லை' என்றாள். மறுபடி கேட்டான். மறுபடி 'இல்லை' என்றாள். எட்டாண்டு பள்ளி வாழ்க்கையில் அவன் முழுதாகப் புரிந்துகொண்ட முதல் புவியியல் பாடம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேளாதவர்கள் ஒருவருக்கொருவர் சைகைப் பெயர் வைப்பது வழக்கம். கிளெர்க்கின் சைகைப் பெயர், கன்னத்து வடுவை இரு விரலால் தடவிக் காட்டுவது. இந்தப் பையனுக்கும் அவள் ஒன்று வைத்தாள்: புருவத்துக்கு மேல் விரலால் சின்னச் சுழி, அவன் நெற்றியில் முடி அப்படிச் சுழித்திருக்கும். இப்போது வகுப்பே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறது. எனக்குக் கண்ணாடியைத் தூக்கிவிடுவது. தலைமையாசிரியருக்கும் ஒன்று உண்டு. அவர் முன்வரிசையில் இருப்பதால் சொல்லவில்லை.

நாம் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன், நேரம் குறைவு. பலகையில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள். எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் நம் முகம் இருட்டாகிவிடும், உதடு தெரியாது. அந்தப் பிள்ளையை முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்தால் நம்மையும் பார்க்கும், திரும்பினால் வகுப்பையும் பார்க்கும். 'புரிகிறதா' என்று கேட்டால் தலையாட்டிவிடும்; அதை நம்பாதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள், வரையச் சொல்லுங்கள். காதொலிக் கருவி போட்ட பிள்ளைக்கு மின்விசிறி இரைச்சலும் நம் சாலையில் போகும் டாங்கர் லாரிச் சத்தமும் பாடத்தோடு சேர்ந்துதான் பெரிதாகக் கேட்கும். நம் பக்கத்துக் கடற்காற்றில் ஈரம் அதிகம், கருவி சீக்கிரம் கெடும். இரவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு வேலை: உங்கள் பள்ளியில் கேளாத பிள்ளை இருந்தால், வெள்ளம் வந்தால் அந்த வீட்டில் யார் போய்த் தட்டி எழுப்புவார், எந்தச் சைகை காட்டுவார் என்று பெற்றோரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டிய பொருள் இது.

அந்தப் பெண்ணின் அப்பா இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. டில்லியில் விடுதி, பெண் பிள்ளை, மொழி தெரியாத ஊர் என்று அவர் சொல்வதில் தவறில்லை. எந்த அப்பாவும் சொல்வார். கிளெர்க் கதையைச் சொன்னேன். "அவரு ஆம்பளை டீச்சர்" என்றார். அதற்கும் நான் பதில் வைத்திருக்கவில்லை. அவர் மனைவிதான், "மொதல்ல ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார். பொங்கல் விடுமுறையில் மூவரும் போகிறார்கள். ரயில் முன்பதிவு ஆகிவிட்டது.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் எங்கள் பள்ளிக்கு வருகிறாள். நம் ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரம் அடிப்படைச் சைகைகள் சொல்லிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறாள்: பெயர் கேட்பது, பசி, வலி, தண்ணீர், பயம், வீட்டில் யார், வா, போ, ஓடு. அந்தப் பையனும் கூட இருப்பான், தப்பாகக் காட்டினால் திருத்துவான். அதில் அவன் கொஞ்சம் கண்டிப்பு. வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். இருபது பேருக்குத்தான் அறையில் இடம் இருக்கிறது.